ஒன்ராறியோவில் சட்டப்படி கஞ்சா: வாங்குமுன்னும் வாங்கியபின்னும் – முழுமையான வழிகாட்டி

"எந்தக் கடை அண்ணை நல்லது?" புதிதாக வந்த பெடியள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். நான் கண்டவரை கடைக்குள் பிழை நடப்பது அரிது. அங்கே நிற்பவர்கள் பயிற்சி எடுத்தவர்கள், உரிமம் பறிபோய்விடும் என்று பயப்படுகிறவர்கள். பிழையெல்லாம் வெளியில்தான் நடக்கிறது: கார் இருக்கையில், பேஸ்மன்ற் (நிலக்கீழ்) வீட்டில், விமான நிலையத்தில், சில வேளை குடிவரவு அலுவலகத்தில். அதனால் கீழே கடை நான்காவதாகத்தான் வருகிறது. இந்த வரிசையை மாற்றாமல் போவது நல்லது.

இது ஒன்ராறியோ மாகாணத்துக்கான வழிகாட்டி. கனடா முழுவதற்கும் பொதுவான சட்டம் ஒன்று உண்டு. அதற்கு மேல் மாகாணம், நகரசபை, வீட்டுக்காரர், வேலைத்தலம் என்று ஒவ்வொருவரும் தங்கள் விதியைப் போடலாம். மேலே அனுமதித்ததைக் கீழே இருப்பவர் இறுக்கலாம். ஆனால் மேலே தடுத்ததைக் கீழே யாராலும் தளர்த்த முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் தானாக விளங்கும்.

1. முதலில் உங்கள் நிலையைச் சரிபாருங்கள்

வயது: ஒன்ராறியோவில் 19 நிரம்பியிருக்க வேண்டும். வாங்க, வைத்திருக்க, பயன்படுத்த, வளர்க்க எல்லாவற்றுக்கும் அதே வயதுதான். குடியுரிமை தேவையில்லை. மாணவர், வேலை அனுமதியில் இருப்பவர், சுற்றுலா வந்தவர் எல்லோரும் வாங்கலாம்.

ஆனால் குடியுரிமை இல்லாதவருக்கு ஆபத்தின் அளவு வேறு. 2018 டிசம்பர் 18 முதல், போதையில் வாகனம் ஓட்டும் குற்றத்துக்கான உச்சத் தண்டனை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்த்தப்பட்டது. 10 ஆண்டு உச்சத் தண்டனை உள்ள குற்றம் குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் பாரதூரமான குற்றம். நீதிபதி 1,000 டொலர் அபராதத்தோடு விட்டாலும் கணக்கு மாறாது. சட்டப் புத்தகத்தில் உள்ள உச்ச அளவைத்தான் பார்ப்பார்கள். பி.ஆர். (நிரந்தர வதிவிட) அட்டை வைத்திருப்பவர் அந்த நிலையையே இழக்கக்கூடும். குடியுரிமை பெற்ற நண்பர் துணிந்து செய்வதைப் பார்த்து நீங்களும் துணியக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். குற்றச்சாட்டு ஒன்று வந்துவிட்டால், குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். அபராதம் கட்டி முடித்தபின் அவரிடம் ஓடுவதில் பெரிய பயன் இல்லை.

வேலை: கஞ்சா சட்டப்படியானது என்பதால் வேலை நேரத்தில் போதையில் இருக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடவில்லை. லொறி ஓட்டுபவர், போர்க்லிப்ற் இயக்குபவர், கட்டட வேலை செய்பவர் தங்கள் நிறுவனத்தின் கொள்கையை முதலில் வாசிக்க வேண்டும்.

சாரதி அனுமதிப்பத்திரம்: ஜி1 அல்லது ஜி2 (முழு அனுமதிக்கு முந்திய, பழகும் கட்டப் பத்திரங்கள்) வைத்திருக்கிறீர்களா? அல்லது 21 வயதோ அதற்குக் கீழோ? அப்படியானால் 9ஆவது பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் இந்தக் கூட்டத்துக்குள்தான் வருகிறார்கள்.

உடல்நிலை: கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டும். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தவர்களும் தவிர்ப்பதே சரி. மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதால், சட்டம் 19 என்று சொன்னாலும் மருத்துவர்கள் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கஞ்சாவின் கூறுகள் அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டி, இரத்தக்கசிவுக்குக் கொண்டுபோய்விடலாம். "வெறும் சி.பி.டி. எண்ணெய்தானே" என்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை; சி.பி.டி. என்பது கஞ்சாவில் உள்ள, போதை தராத கூறு.

2. எந்த ஊரில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

ரொறன்ரோவில் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஸ்டீல்ஸ் அவெனியூவைக் கடந்து மார்க்கம் நகருக்குள் போனால் ஒன்றும் இல்லை. சில்லறைக் கடை வேண்டாம் என்று சொல்லும் உரிமை நகரசபைகளுக்குக் கொடுக்கப்பட்டது. மார்க்கம் வேண்டாம் என்றது. மிசிசாகாவும் முதலில் மறுத்து, 2023இல் மனம் மாறியது.

இதில் புதியவர்கள் குழம்புவது ஓர் இடத்தில்தான். மார்க்கத்தில் கடை திறக்கத்தான் தடை. அங்கே குடியிருப்பவர் வாங்கவோ வீட்டில் வைத்திருக்கவோ தடை இல்லை. பக்கத்தில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்; இணையத்தில் வாங்கித் தபாலிலும் எடுக்கலாம்.

மாகாணம் மாறினால் கதையே வேறு. நீண்ட வார இறுதியில் மொன்றியல் போகிறவர்கள் கவனியுங்கள்: கியூபெக்கில் வயது 21. ரொறன்ரோவில் சட்டப்படி வாங்கிய 20 வயதுப் பிள்ளை, மாகாண எல்லையைத் தாண்டியதும் விதியை மீறியவராகிவிடுகிறார். அங்கே பூங்காவிலோ நடைபாதையிலோ புகைக்க முடியாது. வீட்டில் செடி வளர்க்கவும் தடை; அந்தத் தடை செல்லும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அல்பேர்ட்டாவில் வயது 18. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் போகும் மாகாணத்தின் அரசு இணையத்தளத்தைப் பாருங்கள்.

3. எங்கே பயன்படுத்துவீர்கள் என்பதை வாங்குமுன் முடிவு செய்யுங்கள்

பலர் வாங்கிக்கொண்டு வந்து, கையில் வைத்துக்கொண்டு இடம் தேடுகிறார்கள். கடைசியில் காருக்குள் உட்காருகிறார்கள். தவறான இடம் என்று தேடினால் அதைவிடத் தவறான இடம் கிடைக்காது.

ஒன்ராறியோவில் சிகரெட்டுக்கான புகைத்தல் தடைச் சட்டமே கஞ்சாப் புகைக்கும், ஆவியாக இழுக்கும் வேப்புக்கும் பொருந்தும். சொந்த வீடு, அதன் பின்வளவு, பெரும்பாலான நடைபாதைகள், பூங்காவின் திறந்த வெளி ஆகியவற்றில் அனுமதி உண்டு. தடை உள்ள இடங்கள்: மூடிய பொது இடம், வேலைத்தலம், கொண்டோ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் நடைகூடம், லிப்ற், கார் நிறுத்தும் நிலவறை. சிறுவர் விளையாட்டுத் திடலிலிருந்தும் பாடசாலை வளவிலிருந்தும் 20 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். வைத்தியசாலையின் வாசலிலிருந்தும், உணவகத்தின் வெளி இருக்கைகளிலிருந்தும் 9 மீற்றர். முதல் தடவை மீறினால் 1,000 டொலர் வரை, அதற்குப் பிறகு 5,000 டொலர் வரை அபராதம்.

பூங்கா விடயத்தில் கவனம் வேண்டும். பூங்காவுக்குள்தான் ஊஞ்சலும் சறுக்கும் இருக்கும். அந்த 20 மீற்றரைக் கழித்துவிட்டால், சின்னப் பூங்காக்களில் நிற்க இடமே மிஞ்சாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். "புகைத்தல் கூடாது" என்று இருந்தால் கஞ்சாவும் கூடாது. கொண்டோவில் பால்கனி உங்களுடையது என்று நினைப்பீர்கள். கட்டட நிர்வாகத்தின் விதி அங்கேயும் புகைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பேஸ்மன்றில் இருப்பவருக்கு எழுதாத பிரச்சினை ஒன்று உண்டு: புகை காற்றுக்குழாய் வழியாக நேரே மேல்வீட்டு அம்மாவின் சமையலறைக்குப் போகும். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் அடுத்த மாதம் வீடு தேட வேண்டி வரலாம்.

புகைக்க இடமே இல்லை என்றால், உண்ணும் வகை மட்டும்தான் உங்களுக்குப் பொருந்தும். அதன் தன்மை வேறு. 8ஆவது பகுதியில் சொல்கிறேன். எதை வாங்குவது என்பதையே இந்தப் பகுதிதான் தீர்மானிக்கிறது.

4. கடை அசலா என்று பாருங்கள்

மருத்துவத் தேவைக்கு அல்லாமல் சட்டப்படி வாங்க இரண்டே வழிகள். ஒன்று, ஏ.ஜி.சி.ஓ. என்ற மாகாண ஆணையம் உரிமம் கொடுத்த கடை. இவற்றில் சில வீட்டுக்கும் கொண்டுவந்து தருகின்றன. இரண்டு, மாகாண அரசின் இணையக் கடையான ஒன்ராறியோ கனபிஸ் ஸ்ரோர். இந்த இரண்டுக்கும் வெளியே வாங்கினால் வாங்குபவரும் சட்டத்தை மீறுகிறார்.

உரிமம் உள்ள கடையின் வாசலில் மாகாணத்தின் அதிகாரபூர்வ முத்திரை ஒட்டப்பட்டிருக்கும். முத்திரையை அச்சடிக்க எவராலும் முடியும் என்பதால், ஏ.ஜி.சி.ஓ. தளத்தில் உள்ள பட்டியலில் கடையின் முகவரியைத் தேடிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

அதைவிடச் சுலபமான சோதனை பொதியிலேயே இருக்கிறது. உண்ணும் கஞ்சாவில், போதை தரும் கூறான டி.எச்.சி. ஒரு பொதிக்கு 10 மில்லிகிராம் என்பதுதான் சட்டத்தின் உச்ச வரம்பு. பொதியில் "500 மில்லிகிராம்" என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது சட்டவிரோதச் சரக்கு. மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை. பிரபல சிப்ஸ், மிட்டாய் வகைகளைப் போலவே மினுக்கும் பொதிகளும் அப்படித்தான். சட்டப்படியான பொதி பார்க்க அழகே இல்லாமல் இருக்கும்: ஒரே நிறம், மஞ்சள் பெட்டிக்குள் சுகாதார எச்சரிக்கை, சிவப்பு எண்கோணத்தில் டி.எச்.சி. குறி, குழந்தை திறக்க முடியாத மூடி, வரி கட்டியதற்கான முத்திரை. அந்த முத்திரையின் நிறம் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும்.

இணையத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். தேடினால் முதலில் வரும் தளம், கனடாக் கொடி, மலிவு விலை, "இன்ரறாக் மூலம் பணம் அனுப்புங்கள்" என்ற வரி. வயதுச் சான்று கேட்காமல் தபாலில் அனுப்புகிறோம் என்று சொல்லும் எந்தத் தளமும் உரிமம் பெற்றதல்ல. அரசின் இணையக் கடை அனுப்பும் பொதியைக்கூட, அடையாள அட்டை காட்டி 19 வயது நிரம்பியவர்தான் வாங்க முடியும்.

இன்னொன்று. ரொறன்ரோவில் மந்திரக் காளான் கடைகள் வெளிப்படையாகப் பலகை போட்டிருக்கின்றன. கஞ்சாக் கடைக்குப் பக்கத்தில் இருப்பதால் அதுவும் சட்டப்படியானது என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. அது இன்னும் தடைசெய்யப்பட்ட போதைப்பொருள்தான்.

5. கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை

படம், பெயர், பிறந்த திகதி மூன்றும் உள்ள அரச அடையாள அட்டை: சாரதி அனுமதிப்பத்திரம், பி.ஆர். அட்டை, ஒன்ராறியோ புகைப்பட அட்டை, கடவுச்சீட்டு. காலாவதியாகாததாக இருக்கட்டும். கைப்பேசியில் எடுத்த படம் எடுபடாது. தலை நரைத்தவரிடம் கேட்காமல் விடலாம். 25க்குக் கீழ் தோற்றம் உள்ள எவரிடமும் கேட்டே ஆக வேண்டும் என்பது கடைக்காரருக்கு உள்ள விதி. கோபிக்காதீர்கள். உங்கள் வயதுக்கு அது பாராட்டு.

பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். 19 வயதுக்குக் கீழ்ப்பட்ட யாரும் கடைக்குள் கால் வைக்க முடியாது; தள்ளுவண்டியில் தூங்கும் கைக்குழந்தைக்கும் அதே விதி. அதற்காகக் குழந்தையைக் காரில் விட்டுவிட்டுப் போவது அதைவிடப் பெரிய வில்லங்கம். வேறு நாள் போங்கள்.

பணம் காசாகக் கொடுப்பது நல்லது. தனியுரிமை ஆணையர் அலுவலகமே 2018இல் இந்த ஆலோசனையைச் சொன்னது: கடன் அட்டை விவரங்கள் கனடாவுக்கு வெளியே சேமிக்கப்படலாம், கஞ்சா வாங்கியவரை நாட்டுக்குள் விட மறுக்கும் நாடுகளும் இருக்கின்றன. அமெரிக்க விசா விண்ணப்பிக்கும் எண்ணம் உள்ளவர்கள் இதைக் கேட்டு நடப்பது நல்லது. புள்ளி சேர்க்கிறோம், பெயரைப் பதியுங்கள் என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லலாம்.

6. லேபிளை வாசிக்கப் பழகுங்கள்

புதியவர்கள் விலையையும் எடையையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது டி.எச்.சி. அளவு. போதை தருவது அதுதான். சி.பி.டி. போதை தருவதில்லை.

உலர்ந்த பூவில் ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும். அதைப் பத்தால் வகுத்தால் சதவீதம்: 200 என்றால் 20 சதவீதம். சில பொதிகளில் இரண்டு எண்கள் இருக்கும், ஒன்று மிகச் சிறியதாக. சின்ன எண்ணைப் பார்த்து "இது லேசானது" என்று எடுத்துவிடாதீர்கள். பச்சையாக இருக்கும்போது உள்ள அளவு அது. சூடாக்கும்போதுதான் மீதியும் டி.எச்.சி. ஆக மாறுகிறது. "மொத்தம்" என்று போட்ட எண்ணே உங்களுக்கு உரியது.

தொடங்குபவர் 10 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம் என்பது கனடா சுகாதாரத் திணைக்களத்தின் அறிவுரை. கடையில் கண்ணில் படுவது பெரும்பாலும் 20க்கு மேல். கடைக்காரரிடம் "குறைந்த டி.எச்.சி. உள்ளது காட்டுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கூடிய எண் உள்ளதுதான் தரமானது என்று நண்பர்கள் சொல்வார்கள். எண் கூடினால் போதை கூடும். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

7. 30 கிராம் கணக்கும், வீடு வரை கொண்டுபோவதும்

பொது இடத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடியது 30 கிராம் உலர் கஞ்சா, அல்லது அதற்கு ஈடானது. ஒரு தடவையில் கடை விற்பதும் அவ்வளவே. பலர் தடுமாறுவது "ஈடானது" என்ற இடத்தில். 1 கிராம் உலர் பூவுக்குச் சமமானவை:

புதிய, உலராத பூ – 5 கிராம்
உண்ணும் வகை – 15 கிராம்
பானம் – 570 கிராம்
வேப் முதலிய செறிவுகள் (அடர்த்தியாக்கிய கஞ்சாச் சாறு) – கால் கிராம்
விதை – 1

உண்ணும் வகையில் எண்ணுவது மிட்டாயின் முழு எடையை. அதில் உள்ள டி.எச்.சி. அளவை அல்ல. செறிவில் கணக்கு வேகமாக ஏறும்: 1 கிராம் வேப் குப்பி 4 கிராமாக எண்ணப்படும். 14 கிராம் பூவும் இரண்டு வேப் குப்பிகளும் வாங்கினால் 14 + 8 = 22. மிச்சம் 8 கிராமுக்கு 120 கிராம் மிட்டாய் வரை வாங்கலாம்.

ஒன்ராறியோவில் வீட்டுக்குள் இந்த வரம்பு இல்லை. ஆனால் தெருவில் நிற்கும் உங்கள் கார் பொது இடம்தான். இரண்டு கடைகளில் ஏறி இறங்கி 50 கிராம் சேர்த்துக்கொண்டு வருபவர், ஒவ்வொரு கடையிலும் சட்டப்படி வாங்கியிருந்தாலும் வழியில் சட்டத்தை மீறிவிடுகிறார்.

காரில் ஏற்றும் முறையையும் சட்டம் சொல்கிறது. பிரிக்காத கடைப் பொதியாக இருக்க வேண்டும். அல்லது மூடிக் கட்டிய பைக்குள், காரில் உள்ள யாருக்கும் கை எட்டாதபடி இருக்க வேண்டும். டிக்கியில் போட்டுவிடுவது எல்லாச் சந்தேகத்தையும் தீர்த்துவிடும். கடை வாசலிலேயே காரில் உட்கார்ந்து, "எப்படி மணக்குது பார்ப்போம்" என்று பொதியைப் பிரிப்பதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. பிரித்த பொதி இருக்கைக்கு நடுவில் கிடந்தால் அதுவே குற்றம். யாரும் ஒரு இழுவை இழுத்திருக்கத் தேவையில்லை. சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருந்தால், ஆணை இல்லாமலே பொலிஸ் காரைச் சோதிக்கலாம்.

8. முதல் தடவை

இங்கேதான் பொறுமை வேண்டும். புகைத்தால் சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் ஏறும். அரை மணி நேரத்துக்குள் உச்சம். 6 மணி நேரம் வரை நிற்கும். உண்டால் அரை மணி முதல் 2 மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. 4 மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு வரும். 12 மணி நேரம் வரை நிற்கும். இரண்டிலும் மந்தம் அடுத்த நாள் வரை நீளலாம்.

வைத்தியசாலைக்குப் போகிறவர்களின் கதை பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். ஒரு துண்டு சாப்பிட்டார், ஒரு மணி நேரம் பொறுத்தார், "ஒண்டும் செய்யேல்லை" என்று இன்னும் இரண்டு போட்டார். பிறகு மூன்றும் சேர்ந்து ஏறின. ஈரல் டி.எச்.சி.யை இன்னும் வீரியமான ஒன்றாக மாற்றுவதால், உண்பது புகைப்பதைவிடக் கனமாகவும் நெடுநேரமும் இருக்கும். ஆகவே:

2.5 மில்லிகிராமில் தொடங்குங்கள். 10 மில்லிகிராம் மிட்டாய் என்றால் கத்தியால் நான்காக வெட்டி ஒரு பங்கு. அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். இரண்டாவது துண்டு இன்னொரு நாளுக்கு.

வெறும் வயிற்றில் வேண்டாம். மதுவோடு சேர்க்கவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் தலைசுற்றலும் வாந்தியும் பல மடங்காகும். கஞ்சா பழகிய, அன்று அதைத் தொடாத ஒருவர் கூட இருக்கட்டும். அன்று வெளியே போகும் வேலை எதுவும் வைக்காதீர்கள்.

அளவு மிஞ்சிவிட்டால் நெஞ்சு படபடக்கும், பயம் பிடிக்கும், செத்துவிடுவோமோ என்று தோன்றும். அமைதியான அறையில் படுத்து, தண்ணீர் குடித்து, நேரத்தைப் போகவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். நெஞ்சு வலி, விடாத வாந்தி, மூச்சுத் திணறல், எழுப்ப முடியாத மயக்கம் என்றால் 911. குழந்தை சாப்பிட்டுவிட்டது என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்: ஒன்ராறியோ நச்சு மையம் 1-800-268-9017.

9. வாகனம்

குற்றவியல் சட்டத்தில் அளவுகள் உண்டு. வாகனம் ஓட்டி 2 மணி நேரத்துக்குள் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 2 நானோகிராம் டி.எச்.சி. இருந்து 5க்குக் கீழ் என்றால் 1,000 டொலர் வரை அபராதம். 5 அல்லது அதற்கு மேல் என்றால் முதல் தடவைக்குக் குறைந்தது 1,000 டொலர், இரண்டாவதுக்கு 30 நாள் சிறை, மூன்றாவதுக்கு 120 நாள். மதுவும் சேர்ந்திருந்தால் வரம்பு இன்னும் தாழ்வு: 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுவும், 2.5 நானோகிராம் டி.எச்.சி.யும் இருந்தாலே கடுமையான பிரிவுக்குள் வந்துவிடுவீர்கள்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு வீட்டில் கணக்குப் போட முடியாது. எத்தனை இழுவைக்கு எத்தனை நானோகிராம் என்று சொல்ல ஒரு வாய்பாடும் இல்லை. தினமும் பயன்படுத்துபவரின் உடலில் அது நெடுநேரம் தங்கியிருக்கும்.

ஜி1, ஜி2, எம்1, எம்2 (எம் என்பவை மோட்டார் சைக்கிளுக்கு) வைத்திருப்பவர்கள், 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள், லொறி, பஸ் போன்ற வர்த்தக வாகனம் ஓட்டுபவர்கள்: உங்களுக்கு ஒன்ராறியோவில் வரம்பே கிடையாது, பூச்சியம்தான். தெருவோரத்தில் எச்சில் சோதனைக் கருவி காட்டினால் அந்த இடத்திலேயே அனுமதிப்பத்திரம் நிறுத்தப்படும், அபராதமும் விழும். அதோடு காப்புறுதிக் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்பது ஸ்காபரோவில் கார் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும்.

நான் சொல்லிக் கொடுப்பது ஒன்றே: தொட்ட அன்று சாவியைத் தொடாதே. உண்டிருந்தால் மறுநாள் மதியம் வரை பொறு. ஓட்டாமல் பக்கத்து இருக்கையில் இருப்பவரும் காருக்குள் புகைக்க முடியாது என்பதை மறக்காதீர்கள்.

10. வீட்டில் வைப்பது, பகிர்வது, வளர்ப்பது

பூட்டி வையுங்கள். குழந்தைக்கு எட்டாத உயரம் என்று எதுவும் இல்லை, நாற்காலி இருக்கும் வரை. கடைப் பொதியிலேயே விடுங்கள். அழகான கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றினால் அது வெறும் மிட்டாயாகிவிடுகிறது. வீட்டில் லட்டு, கேக் செய்வது சட்டப்படி சரிதான், ஆனால் எனக்குப் பிடிக்காத வேலை. ஒரு லட்டில் எவ்வளவு இருக்கிறது என்று செய்தவருக்கே தெரியாது. தீபாவளிக்கு வந்த மாமி ஒன்றை எடுத்துக் கடிப்பதைத் தடுக்க அதன்மேல் லேபிளும் இல்லை.

19 வயது நிரம்பிய நண்பருக்கு 30 கிராம் வரை இலவசமாகக் கொடுக்கலாம். காசு கைமாறினால் அது விற்பனை; "வாங்கின விலைதான் மச்சான்" என்பது தப்பிக்கும் வழி அல்ல. உரிமமில்லா விற்பனைக்கும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குக் கொடுப்பதற்கும் 14 ஆண்டு வரை சிறை உண்டு.

செடி ஒரு வீட்டுக்கு நான்கு. ஆளுக்கு நான்கு அல்ல. ஒரே வீட்டை நான்கு மாணவர்கள் பங்கு போட்டிருந்தாலும் மொத்தம் நான்குதான். விதை சட்டப்படி வாங்கியதாக இருக்க வேண்டும், வாடகை ஒப்பந்தம் தடுக்காமல் இருக்க வேண்டும். பியூட்டேன் போன்ற எரியும் கரைப்பான்களால் செறிவு எடுப்பது குற்றம், வீடே வெடித்துப்போகும்.

11. எல்லையும் விமான நிலையமும்

கனடாவுக்குள் பறக்கும்போது 30 கிராம் வரை கைப்பையிலோ பெட்டியிலோ எடுத்துப் போகலாம், போய் இறங்கும் மாகாணத்தின் வயது விதிக்கு உட்பட்டு. நாட்டை விட்டு வெளியேறும் எந்தப் பயணத்திலும் ஒரு துளிகூடக் கூடாது. வெளியே கொண்டுபோவதும் உள்ளே கொண்டுவருவதும் கனடாச் சட்டத்திலேயே குற்றம். உச்சத் தண்டனை 14 ஆண்டு.

நியூயோர்க், மிச்சிகன் மாநிலங்களில் கஞ்சா சட்டப்படியானது. அதனால் பபலோவுக்கோ டிற்றொயிற்றுக்கோ கொண்டுபோகலாம் என்று நினைக்கிறார்கள். எல்லையைக் காப்பது மாநிலம் அல்ல, அமெரிக்கக் கூட்டாட்சி. அதன் சட்டத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். அங்கே வாங்கியதை மீதியோடு திரும்பக் கொண்டுவருவதும் அதே குற்றம்.

அமெரிக்க எல்லையில் அதிகாரி "பயன்படுத்தியிருக்கிறாயா?" என்று கேட்கலாம். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஒருவர் ஆம் என்றால் நுழைவு மறுக்கப்படலாம். பொய் சொன்னால் அது தனிக் குற்றமாகி, நிரந்தரத் தடை வரை போகும். பதில் சொல்ல மறுக்கலாம்; அன்றைக்குத் திருப்பி அனுப்பக்கூடும், ஆனால் பதிவில் ஒப்புதலும் இருக்காது, பொய்யும் இருக்காது. இந்த மூன்றில் கடைசியே குறைந்த சேதம்.

ஊருக்குப் போகும்போது நடக்கும் பிழை வேறு மாதிரி. அம்மாவின் முழங்கால் வலிக்கு என்று சி.பி.டி. எண்ணெயும் பூசும் களிம்பும் வாங்கி, சித்தாலேபத் தைலத்துக்குப் பக்கத்தில் அடுக்குகிறார்கள். கனடாச் சட்டத்தில் அதுவும் கஞ்சாதான். மருத்துவரின் கடிதம் இருந்தாலும் வெளியே கொண்டுபோக முடியாது. இலங்கையிலும் இந்தியாவிலும் கஞ்சாவைக் கொண்டுவருவது பெரிய குற்றம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தண்டனை அளவைப் பொறுத்தது; கலவையாக இருந்தால் போதைப்பொருளின் எடையை மட்டுமல்ல, கலவையின் முழு எடையையும் எடுக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டுபாய், டோகா, சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் இடையில் இறங்கும் நாட்டின் சட்டத்துக்கும் உட்பட்டவர்கள்.

பெட்டி கட்டுவதற்கு முதல்நாள் கோட்டுப் பைகள், கைப்பையின் உள்ளறை, முதுகுப்பையின் சின்ன ஜிப், மேக்கப் பை எல்லாவற்றையும் கவிழ்த்துத் தட்டுங்கள். அரைக்கும் கருவி, சுருட்டும் தாள், காலியான வேப் குப்பி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்; ஒட்டியிருக்கும் துகள் போதும். குடும்பத்தோடு போகும்போது பிள்ளைகளின் பைகளையும் பாருங்கள். 19 வயது மகன் போன மாதம் சட்டப்படி வாங்கிய மிட்டாய், அவனுக்கே மறந்துபோன ஒன்று, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியை எடுக்கும் அப்பாவின் பெயரில்தான் வெளியே வரும்.